ஏழாயிரம் ரூபாய்க்கு ஃப்ளூ ஊசி: போடலாமா, விடலாமா?

போன ஆகஸ்ட் முதல் வாரத்தில் திருச்சியிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, டாக்டர் ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஃப்ளூ ஊசி போடச் சொல்றார். ஒரு ஊசி ஆயிரத்து எண்ணூறாம். ஆளுக்கு ரெண்டு தடவையாம். கணக்குப் போட்டா ஏழாயிரத்து இருநூறு. அவசியமாக்கா, இல்ல சும்மா எழுதிக் குடுக்குறாங்களா?"

மூத்தவனுக்கு எட்டு வயது. மழைக்காலம் வந்தால் வீசிங். நெபுலைசர் மிஷின் வீட்டில் டிவி பக்கத்திலேயே இருக்கும். இளையவளுக்கு ஒன்றே முக்கால் வயது, இதுவரை பெரிதாக எதுவும் வந்ததில்லை. நான் பதில் சொல்லும் முன்பே பக்கத்திலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: "போன வருஷம் நம்ம பையனுக்குப் போட்டோமே, மூணாவது வாரமே காய்ச்சல் வந்துச்சே, அதையும் சொல்லு!"

அவர் சொன்னது உண்மைதான். ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது. ஆனால் அந்தக் காய்ச்சலை வைத்து ஊசியை எடை போட முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். தங்கைக்காக இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். வீட்டில் நடந்த விவாதத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தைக்கு என்ன செய்வது என்று கடைசியாகக் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தங்கை கேட்டாள், "கார்டுலயே இன்ஃப்ளுயன்சான்னு போட்டிருக்கே, கவர்மென்ட்ல ஏற்கெனவே போட்டுட்டாங்கல்ல?" நிறைய பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ஹிப் என்று ஒன்று இருக்கிறது. அதன் முழுப்பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி. அது ஒரு பாக்டீரியா. அந்தக் காலத்தில் ஃப்ளூவுக்கு அதுதான் காரணம் என்று தப்பாக நினைத்து வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஃப்ளூ என்பது வைரஸ், அதன் ஊசியே வேறு. அது அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும், அதுவும் வருடா வருடம்.

சரி, ஊசி என்ன செய்கிறது? இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. காய்ச்சல் சளியே வராமல் தடுக்குமா? ஃப்ளூ வராமல் தடுக்குமா? ஃப்ளூ வந்தாலும் ஆஸ்பத்திரி, ஐசியு வரை போகாமல் தடுக்குமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

முதல் கேள்வியில் ஊசிக்குக் கிடைக்கும் மார்க் ரொம்பக் குறைவு. குழந்தைக்குச் சளி காய்ச்சல் கொண்டுவர ஆர்எஸ்வி, ரைனோ, அடினோ என்று வேறு வைரஸ்களின் பட்டாளமே இருக்கிறது. ஃப்ளூ ஊசிக்கு ஃப்ளூவை மட்டுமே தெரியும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஊசி போடாத 100 குழந்தைகளில் 28 பேருக்கு ஃப்ளூ மாதிரியான காய்ச்சல் வந்தது என்றால், போட்டவர்களில் 20 பேருக்கு வந்தது. எட்டுப் பேர்தான் வித்தியாசம். இதை ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. என் கணவரின் புகார் பிறந்தது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் நன்றாகவே இருக்கிறது. அதே தொகுப்பில், பரிசோதனை செய்து உறுதியான ஃப்ளூவை மட்டும் எண்ணிய ஆய்வுகளில், ஊசி போடாத 100 பேரில் 30 பேருக்கு வந்தது, போட்டவர்களில் 11 பேருக்கு வந்தது. ஆனால் இது எல்லா ஊரிலும் எல்லா வருடமும் இப்படியே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் ஆறு மாதம் முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து போட்டுப் பார்த்தார்கள். ஒரு பகுதி வீடுகளுக்கு ஃப்ளூ ஊசி, மறு பகுதிக்குப் போலியோ ஊசி. முதல் வருடம் பலன் சுமார் 25 சதவீதம்தான். மூன்றாம் வருடம் ஏறத்தாழ 60. வைரஸ் வருடத்துக்கு வருடம் சட்டை மாற்றிக்கொள்கிறது. அது அடுத்த முறை என்ன சட்டையில் வரும் என்று பல மாதங்களுக்கு முன்பே ஊகித்து மருந்து செய்ய வேண்டும். சில வருடம் ஊகம் பலிக்கும், சில வருடம் சறுக்கும்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. ஹாங்காங்கில் 2009 முதல் 2013 வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளைப் பார்த்ததில், ஃப்ளூவுக்காகச் சேர வேண்டிய நிலையை ஊசி 62 சதவீதம் அளவுக்குக் குறைத்திருந்தது. அமெரிக்காவில் 2010 முதல் 2012 வரை நடந்த ஆய்வில், குழந்தைகள் ஐசியுவில் சேரும் அளவுக்கு ஃப்ளூ முற்றுவதை 74 சதவீதம் குறைத்தது. 2019-20 சீசனில் அங்கே ஊசியும் வைரஸும் சரியாகப் பொருந்தவில்லை. அப்படி இருந்தும் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போவதை 75 சதவீதம் குறைத்தது. மரணத்தைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 2010 முதல் 2014 வரையிலான நான்கு சீசன்களில் ஃப்ளூவால் குழந்தை இறக்கும் வாய்ப்பை ஊசி 65 சதவீதம் குறைத்தது. ஆஸ்துமா, இதயக் கோளாறு மாதிரி ஏற்கெனவே ஏதாவது இருக்கும் குழந்தைகளிடம் அது 51 சதவீதமாக இறங்கியது. ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் குறைவு என்பது கசப்பான செய்திதான். ஆனாலும் பாதி குறைகிறதே.

மூன்றாவது கேள்விக்கான இந்த எண்களை அப்படியே விழுங்கவும் கூடாது. இவை சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்கு ஊசி, மறு பாதிக்கு இல்லை என்று பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. நிஜத்தில் போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டவை. ஊசி போடும் பெற்றோர் பொதுவாகவே சீக்கிரம் டாக்டரிடம் ஓடுபவர்களாகவும் இருக்கலாம், அதனால் ஊசிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெயர் கிடைத்திருக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் முடிந்தவரை இதற்கு ஈடுகட்டியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது, வேறு வேறு நாட்டில் வேறு வேறு ஆட்கள் எண்ணியும் விடை பாதிக்கும் முக்காலுக்கும் நடுவிலேயே விழுவதுதான்.

சதவீதத்தை மட்டும் சொல்லிப் பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. 2024-25 சீசனில் அமெரிக்காவில் ஃப்ளூவால் 280 குழந்தைகள் இறந்தார்கள். 2004-ல் இந்தக் கணக்கைத் தனியாக எடுக்கத் தொடங்கியபின், பன்றிக்காய்ச்சல் பரவிய 2009-10-ஐத் தவிர்த்தால் இதுவே அதிகம். ஆனால் அந்த நாட்டில் ஏழு கோடிக்கும் மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆக, மரணம் என்பது மிக அபூர்வம். அந்த 280-க்குள் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஊசி போடும் வயதில் இருந்து இறந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் முழுமையாக ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். அந்த வருடம் அங்கே மொத்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் போட்டிருந்தார்கள். ஊசியால் பயனே இல்லையென்றால் இறந்தவர்களிலும் பாதிப் பேர் போட்டவர்களாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம், இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு முன்பு எந்த நோயும் கிடையாது. "நம்ம பிள்ளை திடமாத்தானே இருக்கு" என்ற வாதம் இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

நம் பக்கத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் கனமானது. 2018-ல் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 8.7 லட்சம் பேர் ஃப்ளூ தொடர்பான நுரையீரல் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகவும், அதிகபட்சம் 34,800 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் ஒரு மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலான சாவுகள் வசதி குறைந்த நாடுகளில். புதுச்சேரியில் 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் ஃப்ளூ பரவலால் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளையே மூடினார்கள். ஃப்ளூ ஏதோ குளிர்நாட்டுக் காய்ச்சல் என்று நினைப்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

இனி தங்கையின் முன்னால் இருந்த வழிகள்.

ஊசி வேண்டாம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதல் வழி. செலவில்லை. ஃப்ளூவுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது, டாக்டர் எழுதினால் கிடைக்கும். ஆனால் அது காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அப்போதும் நோயை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கும், அவ்வளவுதான். நம் வீடுகளில் அந்த 48 மணி நேரம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாள் பாராசிட்டமால் சிரப், ராத்திரி கஷாயம், "பல்லு முளைக்குதோ என்னவோ" என்று பாட்டியின் ஆறுதல். இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் பூட்டியிருக்கும். மூன்றாம் நாள் போனால் டாக்டர் முதலில் டெங்குவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்வார். அக்டோபர், நவம்பரில் அவர் அப்படிச் சொல்வதும் சரிதான். ரிசல்ட் வரும்போது ஒசெல்டமிவிருக்கான நேரம் கடந்திருக்கும். இந்த வழியை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். பத்து வயது தாண்டிய திடமான பிள்ளை, கையில் காசு இறுக்கம், பக்கத்திலேயே நல்ல டாக்டர் என்றால் நானே இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியும் எல்லாருக்கும் போடச் சொல்வது ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைதான். அதற்கு மேல் ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், சர்க்கரை மாதிரி கோளாறு உள்ளவர்களுக்கு.

எந்த வழி எடுத்தாலும் ஒன்றைக் கற்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மூச்சு வேகம் என்று அர்த்தம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கிக் குழி விழுந்தால், சிறுநீர் குறைந்தால், எழுப்பினாலும் மந்தமாகக் கிடந்தால், கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிதான்.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இரண்டாவது வழி. ஊசி இல்லை, அழுகை இல்லை. பிரிட்டனில் 2013 முதல் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் இதன் கதை மேடு பள்ளமானது. நம் புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட் செய்த ஸ்ப்ரேயை வங்கதேசத்திலும் செனகலிலும் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வங்கதேசத்தில் 57 சதவீதத்துக்கு மேல் பலன். செனகலில் பலனே தெரியவில்லை. மருந்து ஒன்றுதான், ஊர்தான் வேறு. அமெரிக்காவிலும் இன்னொரு நிறுவனத்தின் ஸ்ப்ரே சரியாக வேலை செய்யாததால் 2016-லிருந்து இரண்டு சீசன் அதை ஒதுக்கி வைத்து, பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். தங்கை விஷயத்தில் இவ்வளவு யோசிக்கவே தேவையில்லை. ஸ்ப்ரேயில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். இரண்டு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை, வீசிங் உள்ள பிள்ளைக்கும் தயங்குவார்கள். அவள் வீட்டில் இரண்டுமே இருக்கிறது.

ஆக ஊசிதான் மிச்சம். ஊசியிலும் மூன்று வகை வைரஸுக்கானது, நான்கு வகைக்கானது என்று இரண்டு உண்டு. "நாலு உள்ளதுதான் பெஸ்ட்" என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்வார்கள். அந்த நான்காவது ஆள், ஃப்ளூ பி வகை வைரஸின் யமகாட்டா என்ற கிளை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2023-ல் அது இனி ஊசியில் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. எனவே மூன்று கிடைத்தால் மூன்று, நான்குதான் கிடைத்தால் நான்கு. அதற்காகக் கூடுதல் காசு மட்டும் கொடுக்க வேண்டாம்.

எப்போது போடுவது என்பது இதைவிட முக்கியம். ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனபிறகுதான் உடம்பில் எதிர்ப்பு வரும், மாதங்கள் போகப் போக அது தேயும். டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஃப்ளூ உச்சிக்குப் போகும். சென்னை, வேலூரில் எடுத்த கணக்கில் உச்சம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர் நவம்பரில். எனவே வடக்கே இருக்கும் சொந்தக்காரர் ஏப்ரல் மே மாதத்திலேயே போட்டார் என்பதற்காக நாமும் அப்போதே ஓட வேண்டியதில்லை. ஒன்பது வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஆகஸ்டில் முதலாவது, செப்டம்பரில் இரண்டாவது என்றால் அக்டோபர் மழைக்கு உடம்பு தயார். டப்பாவை வாங்கி எந்த சீசனுக்கான மருந்து, எப்போது காலாவதி என்று பார்ப்பதும் நல்லது. போன வருடச் சரக்கு சில இடங்களில் பிரிட்ஜில் மிச்சம் கிடக்கும்.

பின்விளைவு பற்றித் தங்கை கணவர் கேட்டார். கை வலி, ஒரு நாள் இரண்டு நாள் லேசான சூடு, இவை சகஜம். மோசமான உதாரணமும் ஒன்று உண்டு, அதையும் மறைக்காமல் சொன்னேன். 2010-ல் ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.எல். நிறுவனத்தின் ஃப்ளூவாக்ஸ் ஊசி போட்ட சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு அதிகமாக வந்து, அந்த ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃப்ளூ ஊசி போடுவதையே நிறுத்தி வைத்தார்கள். மற்ற நிறுவனங்களின் ஊசியில் அந்த அளவுக்கு வரவில்லை என்று தெரிந்தபின் அவற்றைத் திரும்ப அனுமதித்தார்கள். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் போடக்கூடாது என்பதெல்லாம் பழைய பேச்சு.

கடைசியாகப் பணம். "ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு மட்டும் போட்டுக்கவா?" என்றாள். பாதிக் காசில் முடியும் என்று தோன்றும், ஆனால் இளையவளுக்கு அதில் பலன் குறைவு. அவள் உடம்பு இதுவரை ஃப்ளூவைப் பார்த்தே இருக்காது. முதல் ஊசி அறிமுகம் செய்துவைப்பதோடு சரி, இரண்டாவதில்தான் பாதுகாப்பு நிற்கும். கை இறுக்கம் என்றால் நான் முதலில் காசு வைப்பது இரண்டு வயதுக்குள் இருப்பவளின் இரண்டு ஊசிக்கு, அப்புறம் வீசிங்காரனுக்கு. அவன் பள்ளியில் நான்கைந்து மழைக்காலம் பார்த்தவன், முன்னாலேயே ஃப்ளூ வந்து போயிருக்கும், ஒரு ஊசியிலும் ஓரளவு பலன் இருக்கலாம். இந்த வரிசை என் சொந்தக் கணிப்பு, விதி என்னவோ அவனுக்கும் இரண்டுதான்.

இடையில் தம்பி மனைவி கர்ப்பமாக இருப்பதும் பேச்சில் வந்தது. ஆறு மாதத்துக்குள் குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது, அதனால் அம்மாவுக்குப் போடுவதுதான் முக்கிய வழி. வங்கதேசத்தில் கர்ப்பிணிகளுக்குப் போட்டு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை வரும் ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. அவளுக்கு இதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், அவள் டாக்டரிடம் காட்டுவாள்.

தங்கை நான்கு ஊசியையும் போட்டாள். முதல் இரண்டு ஆகஸ்ட் மூன்றாம் வாரம், அடுத்த இரண்டு செப்டம்பரில். இளையவளுக்கு அன்று ராத்திரி மட்டும் உடம்பு சுட்டது. மூத்தவன் கை வலிக்கிறது என்று சொல்லி ஹோம்வொர்க்கிலிருந்து தப்பித்தான்.

நவம்பர் மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள். நெபுலைசர் இரண்டு தடவை வைத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அது ஃப்ளூவா வேறு ஏதாவதா என்று யாரும் பரிசோதிக்கவில்லை, அதனால் ஊசியால்தான் வீட்டோடு போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். முந்தின வருடம் இதே மாதம் இரண்டு ராத்திரி ஆக்சிஜன் வைத்து அட்மிட் ஆகியிருந்தான், பில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. தங்கை போனில் "ஊசி போட்டும் வந்துருச்சுக்கா" என்றாள். என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார், ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஆகஸ்டில் ஆளுக்கு ஒன்றுதான், மூவாயிரத்து அறுநூறு. போனில் நினைவூட்டல் போட்டு வைத்துவிட்டதாகச் சொன்னாள்.